500 மீட்டருக்கு 34 ஆண்டுகள்

இஷிகாகியின் பழைய விமான நிலையத்தில் இறங்கியவர்களுக்கு மறக்காதது பிரேக்தான். சக்கரம் தரையைத் தொட்ட மறுநொடி இன்ஜின்கள் எதிர்த்திசையில் உறுமும். உடம்பு முன்னால் போகும், இடுப்புப் பட்டை வயிற்றில் பதியும். காலடியில் வைத்த பை முன் இருக்கைக்கு அடியில் போய் முட்டும். விமானம் நடைவேகத்துக்கு வரும்போது ஓடுபாதையும் முடியப்போகும். 1,500 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதையில் போயிங் 737 ரக ஜெட்டை இறக்க வேண்டுமென்றால் இப்படித்தான் இறக்க முடியும்.

ஜப்பானின் தென்மேற்குக் கோடியில், டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளி, தைவானுக்குப் பக்கத்தில் இருக்கிறது இஷிகாகித் தீவு. ஒகினாவா மாகாணத்தைச் சேர்ந்தது. மக்கள்தொகை 50,000க்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படை போட்ட விமானத்தளமே பிற்பாடு ஊர் விமான நிலையமாக மாறியது. 1979இல் அங்கே ஜெட் விமானங்கள் வரத் தொடங்கின. ஜெட்டுக்கு அந்த நீளம் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். 1982 ஆகஸ்ட் 26 அன்று தரையிறங்கிய ஒரு 737 நிற்காமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய்த் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 138 பேரும் உயிரோடு வெளியேறினார்கள்.

ஆபத்து ஒருபுறம். அன்றாடத் தொல்லை இன்னொன்று. இங்கிருந்து டோக்கியோவுக்குக் கிளம்பும் விமானம் தொட்டி நிறைய எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழும்ப முடியாது. அரைகுறை எரிபொருளோடு பறந்து, நடுவில் மியாகோ தீவிலோ நாஹா நகரிலோ இறங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தீவில் விளையும் மாம்பழத்துக்கும் பிடிபடும் மீனுக்கும் விமானத்தில் கிடைக்கும் இடமும் இதனாலேயே சுருங்கியது.

எரிபொருளுக்கும் ஓடுபாதை நீளத்துக்கும் என்ன உறவு? விமானத்தைத் தூக்குவது இறக்கையைச் சுற்றி ஓடும் காற்று. அந்தத் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். எடை கூடினால், எழும்பத் தேவையான வேகமும் கூடும். அதோடு விடுவதில்லை. கனத்த விமானம் வேகமெடுப்பதும் மெதுவாகத்தான். இந்த இரண்டும் சேர்வதால், ஓட வேண்டிய தூரம் எடையின் இருமடிக்கு ஏற்ப நீளும். 10 விழுக்காடு எடை கூடினால் தூரம் 21 விழுக்காடு கூடும்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 1,500 மீட்டரை 2,000 ஆக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதன் இருமடி மூலத்தைக் கணக்கிட்டால், எடை ஏறக்குறைய 15 விழுக்காடு கூடலாம் என்று வருகிறது. குறுகிய பாதையில் 60 டன்னோடு கிளம்பும் விமானம் கூடுதலாக 9 டன் சுமக்கலாம். அந்த அளவு ஜெட் ஒன்று 2,000 கிலோமீட்டர் பறக்க 6 முதல் 7 டன் எரிபொருள் எரிக்கும். தோராயக் கணக்குதான், ஆனாலும் அந்த 500 மீட்டருக்குள் டோக்கியோ அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டப் போதும்.

நடைமுறையில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேரும். ஒன்று வெப்பம். 32 டிகிரியில் காற்று, 15 டிகிரியில் இருப்பதைவிட 6 விழுக்காடு லேசாகிவிடுகிறது. அதற்குத் தூக்கும் வலுவும் குறைவு, இன்ஜினுக்குக் கிடைக்கும் உந்துதலும் குறைவு. வெப்பமண்டலத் தீவின் கோடையில் இது சின்ன விஷயமில்லை. மற்றது பாதுகாப்பு. விமானம் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இன்ஜின் நின்றுபோனால், மிச்சமுள்ள பாதைக்குள் நின்றுவிட முடிய வேண்டும், அல்லது ஒற்றை இன்ஜினோடு எழும்பிவிட முடிய வேண்டும். இரண்டுமே முடியாத ஒரு நொடிகூட அந்த ஓட்டத்தில் இருக்கக் கூடாது. ஓடுபாதையின் நீளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த நிபந்தனைதான்.

ஆக, புதிய விமான நிலையம் வேண்டும் என்பதில் தீவில் பெரிய சண்டை இல்லை. 34 ஆண்டுகளில் பெரும்பகுதி எங்கே என்பதில்தான் போனது.

1979இல் மாகாண அரசு தேர்ந்தெடுத்த இடம் கடல். தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஷிராஹோ கிராமத்தின் முன்னால், பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமில்லாத கடலை மண் கொட்டி நிரப்பி 2,500 மீட்டர் ஓடுபாதை போடுவது திட்டம். வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்க்கும் பொறியாளருக்கு அது அழகான தீர்வாகவே பட்டிருக்கும். பவளத்திட்டின் மேல்தளம் சமமானது, வீடுகளை இடிக்க வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம், இரைச்சலும் பாதி கடலோடு போய்விடும்.

ஷிராஹோவின் மீனவர்கள் அந்தக் கடலைப் பார்த்த விதம் வேறு. 1771இல் வந்த ஆழிப்பேரலை அந்தக் கிராமத்தையே துடைத்துவிட்டுப் போனது. 1,574 பேர் வாழ்ந்த ஊரில் 28 பேர் மிஞ்சினார்கள் என்கிறது பதிவு. அரசு வேறொரு தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து ஊரை மறுபடி நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் அந்த ஊருக்குச் சோறு போட்டதும் இதே கடல்தான். மீனும் சிப்பியும் கடற்பாசியும் பொறுக்கித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். உயிரைத் தொடர வைத்த கடல் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களிடம் போய், வெறும் ஆழமில்லாத நீர்தானே என்று யார் சொல்ல முடியும்?

அறிவியல் உலகம் அந்த நீருக்குள் எட்டிப் பார்த்தது சற்றுத் தாமதமாகத்தான். பார்த்தபோது கிடைத்தது நீலப் பவளம். ஹீலியோபோரா செருலியா என்பது அதன் அறிவியல் பெயர். உயிரோடு இருக்கும்போது அது நீலமாகத் தெரியாது. பழுப்பும் சாம்பலும் கலந்த மந்தமான நிறம், விரல்களை அடுக்கிவைத்ததுபோல மேல்நோக்கி நிற்கும் தட்டுகள். ஒடிந்த துண்டைக் கையில் எடுத்தால்தான் உள்ளிருக்கும் சுண்ணாம்புக் கூடு மங்கிய நீலத்தில் இருப்பது தெரியும். பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிர் ஒவ்வொன்றுக்கும் எட்டு உணர்கொம்புகள். எட்டுக் கொம்புள்ள பவளங்களில் பெரும்பாலானவை மெத்தென்று இருப்பவை. இதுவோ கல்லைப்போல் கெட்டியான கூடு கட்டும் அபூர்வ வகை. டைனோசர் காலத்துப் பாறைகளிலேயே இதன் குடும்பத்துப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஷிராஹோவில் இருப்பது வட அரைக்கோளத்தின் மிகப் பெரிய நீலப் பவளக் கூட்டங்களில் ஒன்று.

கிராமத்தின் எதிர்ப்போடு கடலியலாளர்களின் குரலும் சேர்ந்தது. 1987இல் ஓடுபாதை 2,000 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 1988இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் கோஸ்டா ரிகாவில் கூடியபோது ஷிராஹோவுக்காகத் தீர்மானமே போட்டது. 1989இல் அரசு இறங்கிவந்து, சில கிலோமீட்டர் வடக்கே, கராதாகே என்ற குன்றின் கிழக்குக் கரைக்குத் திட்டத்தை மாற்றியது. அங்கேயும் பவளம் இருந்தது. 1992இல் உள்நிலத்தில் மியாரா என்ற இடம் அறிவிக்கப்பட்டது. அங்கே நல்ல விளைநிலம் போகிறது என்று உழவர்கள் எழுந்தார்கள். கடைசியில் உள்ளூர் மக்களும் வல்லுநர்களும் சேர்ந்த குழு ஒன்று நான்கு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, 2000இல் கராதாகே குன்றை ஒட்டிய நிலப்பகுதியைச் சொன்னது. கடலுக்குள் ஒரு பிடி மண்ணும் கொட்ட வேண்டியதில்லை.

இந்த இழுபறியை வளர்ச்சிக்கு விழுந்த முட்டுக்கட்டை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு மறுப்பும் அந்தத் தீவைப் பற்றி அதுவரை யாரும் அளந்திராத ஒன்றை அளக்க வைத்தது. 1979இல் கையில் இருந்த அறிவோடு கட்டியிருந்தால், 1771இல் பேரலை ஏறிவந்த அதே கரையில், கடல்மட்டத்தை ஒட்டி, தீவின் ஒரே விமான நிலையம் இருந்திருக்கும். பேரிடர் வந்தால் உதவி வந்து இறங்கும் முதல் இடமே முதலில் மூழ்கியிருக்கும். இப்போதைய நிலையம் ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இடம் முடிவானதும் திசை. விமானம் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் விரும்பும். பக்கவாட்டில் பலமாக அடித்தால் தடுமாறும். பல ஆண்டுக் காற்றுப் பதிவுகளை எடுத்து, எந்தத் திசையில் பாதை போட்டால் 95 விழுக்காடு நேரமாவது பக்கக்காற்று வரம்புக்குள் இருக்கும் என்று பார்ப்பது உலக வழக்கம். இஷிகாகியில் குளிர்காலம் முழுக்க வடகிழக்குக் காற்று, கோடையில் தெற்கிலிருந்து வரும் காற்று. ஆகவே புதிய ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. அதன் பெயர் 04/22. ஒரு முனையிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் 40 பாகை, மறுமுனையிலிருந்து 220. கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் 136 மீட்டர் உயரக் குன்று நிற்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய ஓடுபாதையின் முனையிலிருந்து 50 மீட்டர் விலகினால் 1 மீட்டர் உயரம் என்ற கணக்கில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் வானத்தில் விரிகிறது. எந்தக் குன்றும் கோபுரமும் அதைக் குத்திக்கொண்டு மேலே வரக் கூடாது. ஊருக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் கட்டடங்கள் குட்டையாகவே நிற்பது இதனால்தான்.

கடலில் மண் கொட்டாவிட்டாலும் மண் தானாகக் கடலுக்குப் போகும். கட்டுமானத்தில் என்னை அதிகம் ஈர்த்த பகுதி இதுதான். இஷிகாகியின் மண் செம்மண், மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல். புல்லைச் செதுக்கி நிலத்தைத் திறந்துவிட்டால் ஒரே புயல் மழையில் ஓடைகள் தேநீர் நிறத்தில் கடலுக்கு ஓடும். பவளத்தின் மேல் அந்தக் களி படிந்தால் பாலிப் தன் உடலிலிருந்து கோழையைச் சுரந்து, அதில் துகள்களை ஒட்டவைத்து வழித்துத் தள்ளும். அதற்குச் செலவாவது வளரவும் இனம்பெருக்கவும் வைத்திருந்த சத்து. பவளத்துக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் பாசிக்கு வெளிச்சம் வேண்டும். கலங்கிய நீர் அந்த வெளிச்சத்தையும் மறைத்துவிடுகிறது. ஒரு நாள் கலங்கினால் தாங்கும். வாரக்கணக்கில் கலங்கினால் தாங்காது.

குட்டை வெட்டி மண்ணைப் படியவிட்டால் போதாதா என்று தோன்றும். மணல் என்றால் போதும். களிமண்ணின் துகள் மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அசையாத நன்னீரில்கூட ஒரு மீட்டர் ஆழம் இறங்க அதற்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்து குட்டை வழிந்துவிடும். ஆகவே துகள்களை ஒன்றோடொன்று திரளவைக்கும் மருந்தைக் கலந்து, கனப்படுத்தி இறக்க வேண்டும். கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் மண் இருக்கக் கூடாது என்று ஒகினாவா 1995 முதல் சட்டமே வைத்திருக்கிறது. பவளக் கடலுக்கு மேல்புறம் மண்ணைத் தோண்டுகிறவர்களுக்கு அதுவே பெரிய தளர்வு என்றுதான் கடலியலாளர்கள் நினைப்பார்கள்.

அடுத்த சிக்கல் நிலத்தடியில். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது பழைய பவளத்திட்டுகள் இறுகி உண்டான சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் கரிவளியைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் விரிசல்களில் இறங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் விரிசலைக் குழாயாக்கி, குழாயைக் குகையாக்குகிறது. இப்படிப்பட்ட நிலத்தில் ஆறு அதிகம் ஓடாது. நீர் நிலத்துக்கு அடியிலேயே நடந்து கடலில் ஊற்றாக எழும். மேலே 2 கிலோமீட்டர் தார்ப்பாதையும் கான்கிரீட் தளமும் விரித்தால் அந்த நீரோட்டம் நின்றுபோகும். அதனால் மழைநீரைக் குளங்களில் பிடித்து மறுபடி நிலத்துக்குள் இறங்கவிடும் ஏற்பாடு செய்தார்கள். கல் வடிகட்டும் என்பது நம்பிக்கை. நுண்துளைகள் வழியாகப் போனால் வடிகட்டும், குகை வழியாகப் போனால் கலங்கல் அப்படியே கடலுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டுமே இயற்பியல்படி சரி. எந்த வழியில் எவ்வளவு நீர் போகிறது என்பதை அந்தந்த இடத்தில் அளந்துதான் சொல்ல முடியும். குகைகளில் இந்தத் தீவுகளுக்கே உரிய குதிரைலாட வௌவால்கள் குடியிருந்தன. அவற்றுக்காகச் செயற்கைக் குகை ஒன்றும் கட்டினார்கள்.

கட்டுமானம் 2006இல் தொடங்கியது. மறு ஆண்டு, அந்த நிலத்தின் குகைகளில் இறங்கிப் பார்த்த குகை ஆய்வாளர்கள் கண்ணில் எலும்பு பட்டது. மனித எலும்பு.

ஜப்பானின் பெருந்தீவுகளில் பல இடங்களில் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது, அமிலத்தன்மை கொண்டது. எலும்பு அதில் சில நூறு, சில ஆயிரம் ஆண்டுகளில் கரைந்துவிடும். பழங்கற்கால மனிதர் அங்கே வாழ்ந்ததற்குக் கல்லாயுதங்கள் ஆயிரக்கணக்கில் சாட்சி சொன்னாலும், மனிதரின் எலும்பு மட்டும் மிக அரிதாகவே அகப்படுகிறது. சுண்ணாம்புக்கல் குகையின் நீர் அமிலத்தை முறித்துவிடுவதால் எலும்பு தங்கிவிடுகிறது. விமான நிலையத்துக்காக வகுத்த நிலம் அப்படிப்பட்ட ஒரு பெட்டகத்தின் மேல் அமைந்திருந்தது.

வயதைக் கணிப்பதும் எளிதாக இல்லை. எலும்பின் புரதமான கொலாஜனைப் பிரித்தெடுத்து, அதில் மிஞ்சியிருக்கும் கரிமம்-14 அணுக்களை எண்ண வேண்டும். 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை பாதியாகக் குறையும். 27,000 ஆண்டுப் பழைய எலும்பில் நூற்றுக்கு நாலு பங்கு கூட இருக்காது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் கொலாஜனே பெரும்பாலும் சிதைந்திருக்கும். வெளியிலிருந்து சிறிதளவு புதிய கரிமம் கலந்தாலும் வயது ஆயிரக்கணக்கில் தவறிவிடும். இதற்கு முன் ஒகினாவாவில் கிடைத்த புகழ்பெற்ற மினாதோகாவா மனிதர்களின் வயதுகூட அருகிலிருந்த கரித்துண்டுகளை வைத்துத்தான் சொல்லப்பட்டது. இங்கே எலும்பிலிருந்தே நேரடியாக வயதை எடுத்தார்கள்.

விமான நிலையம் திறந்த பிறகும் 2016 வரை தோண்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள், குறைந்தது 19 பேருடையவை. அவர்களில் நான்காம் எண் இடப்பட்டவரின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகவே கிடைத்தது. வளர்ந்த ஆண், உயரம் 165 சென்டிமீட்டர் அளவு, காலம் ஏறத்தாழ 27,000 ஆண்டுகளுக்கு முன். மல்லாந்து கிடத்தப்பட்டிருந்தார். முழங்கால்கள் மடங்கியிருந்தன, கைகள் மேலுடம்பின் பக்கம் மடக்கி வைக்கப்பட்டிருந்தன. புதைக்காமல், உடலைக் குகைக்குள் காற்றாட விட்டுவைக்கும் அடக்கமுறையாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒகினாவாத் தீவுகளில் அந்த வழக்கம் அண்மை நூற்றாண்டுகள் வரை இருந்தது. அவருடைய முகத்தை மண்டையோட்டிலிருந்து மீட்டுருவாக்கி 2018இல் டோக்கியோவில் காட்சிக்கு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வேண்டாம் வேண்டாம் என்று ஓடுபாதையை மூன்று முறை நகர்த்தியிராவிட்டால் அந்த முகத்தை நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம்.

2013 மார்ச் 7 அன்று புதிய விமான நிலையம் திறந்தது. டோக்கியோவுக்கு நடுவில் நிற்காத விமானங்கள் பறந்தன. ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கை விரைவிலேயே 20 லட்சத்தைத் தாண்டியது. ஊருக்குள் இருந்த பழைய நிலையத்தின் நிலத்துக்கு 2018இல் மாகாண மருத்துவமனை இடம்பெயர்ந்தது, 2021இல் நகர மன்றக் கட்டடமும் வந்தது. விமானம் பிரேக் போட்டுத் திணறிய நிலத்துக்குச் சுற்றுத் தீவுகளின் நோயாளிகள் இப்போது மருந்து வாங்க வருகிறார்கள்.

பவளம் தப்பித்ததா? நிரப்பப்படாமல் தப்பித்தது. 2016 கோடையில் கடல் சூடேறி, இஷிகாகிக்கும் இரியோமோத்தே தீவுக்கும் நடுவிலுள்ள பவளக் கடலில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. நீலப் பவளம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சூடு தாங்கும் இனம். அதற்கு இன்றும் நாள்தோறும் தொல்லை தருவது வயல்களிலிருந்து வரும் செம்மண்.

அதனால் ஷிராஹோவில் கரும்பு வயல்களின் வரப்போரம் கெத்தோ என்ற செடியை வரிசையாக நடுகிறார்கள். நம் சித்தரத்தையின் இனம்தான், இலையைக் கசக்கினால் அதே காரமான வாசம் வரும். அதன் கிழங்கு பக்கவாட்டில் படர்ந்து மண்ணைக் கவ்விக்கொள்கிறது. மழை வந்தால் வயலின் செந்நீர் அந்த வரிசையில் முட்டி, மண்ணை அங்கேயே இறக்கிவிட்டு, தெளிந்து கடலுக்குப் போகிறது.